ஒப்புக்கொண்டால் ஒழிந்ததா வழக்கு?

சுசீந்திரம் என்றதும் தாணுமாலயன் கோவிலைச் சொல்வார்கள்; தட்டினால் ஒலிக்கும் கல்தூண்களைச் சொல்வார்கள்; நெடிதுயர்ந்த அனுமாரைச் சொல்வார்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட நாளில், ஒழுக்கம் கெட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிகளை மலையாள நாட்டிலிருந்து இங்கே கொண்டு வருவார்கள். நெய்யைக் கொதிக்கவைத்து அதிலே கையை முக்கச் சொல்வார்கள். கையைத் துணியால் கட்டிவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் நிரபராதி! 'கைமுக்கு' என்று அதற்குப் பெயர். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் அந்தக் கொடுமை நிறுத்தப்பட்டது.

சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம், சட்டப் புத்தகம் வேண்டாம். கொதிக்கிற நெய்யே நீதிபதி! இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் சிரித்து முடித்தபின், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டு, கையில் ஒரு சம்மனோடு நாகர்கோவில் கோர்ட்டு வாசலில் நிற்கிற நம் தோழனையும் சற்றுப் பாருங்கள். அவன் காதிலே மூன்று சொல் ஓதப்படுகின்றன: "ஒப்புக்கொள், கட்டு, போ." ஓதுகிறவர் பல சமயம் வக்கீல்கூட அல்ல, வாசலில் திரிகிற புரோக்கர். தோழனும் ஒப்புக்கொள்கிறான், கட்டுகிறான், போகிறான். அரை நாள் வேலை போயிற்று, தொலையட்டும், வழக்கு முடிந்தது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறான்.

முடிந்ததா? அதைத்தான் இன்று தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்காகப் பரிந்து பேச நாம் இந்தப் பத்தியை எழுதவில்லை. குடித்தவன் ஓட்டுகிற வண்டி முதலாளியின் மாளிகைக்குள் புகுவதில்லை. சாலையோரம் சைக்கிளில் போகிறவன்மீதும், வேலை முடிந்து நடந்து வருகிற பெண்மீதும், நடைபாதையில் படுத்துறங்குகிற கூலிக்காரன்மீதும்தான் ஏறுகிறது. சாகிறவர்கள் நம்மவர்கள். ஓட்டி மாட்டிக்கொள்கிறவர்களிலும் பெரும்பாலோர் நம்மவர்களாக இருப்பதுதான் இந்த விஷயத்தின் வேதனை.

சட்டம் சொல்வதென்ன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆவது பிரிவு இதற்கானது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். "நான் நிதானமாகத்தான் இருந்தேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஊதும் கருவி காட்டுகிற எண்தான் கணக்கு. முன்பு முதல் குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாய் வரை. 2019 செப்டம்பர் முதல் அது 10,000. கவனியுங்கள்: பத்தாயிரம் 'வரை' அல்ல, பத்தாயிரம். மாஜிஸ்திரேட் மனமிரங்கினாலும் அபராதத்தைக் குறைக்க வழியில்லாதபடி எழுதிவிட்டார்கள். இதோடு ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இரண்டாம் முறையானால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முன்பெல்லாம் முதல் குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் 'இரண்டாவது' என்று கணக்கு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மூன்று ஆண்டு எல்லையையும் எடுத்துவிட்டது.

சாலையிலேயே அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் குற்றங்கள் பல உண்டு. ஹெல்மெட் போடாதது அப்படித்தான். 185 அந்தப் பட்டியலில் இல்லை. கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். போனவன் "ஆம்" என்று சொன்னால் அது வெறும் "ஆம்" அல்ல. தண்டிக்கப்பட்டவன் என்ற முத்திரை. அந்த முத்திரையின் நிழல் எங்கெல்லாம் விழுகிறது என்பதைப் புரோக்கர் சொல்லமாட்டார்.

20ஆவது பிரிவைப் படியுங்கள். 185இல் ஒருவனைத் தண்டிக்கிற கோர்ட்டு, அவன் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியையும் பறித்து உத்தரவிட 'வேண்டும்' என்கிறது. எவ்வளவு காலத்துக்கு? ஆறு மாதத்துக்குக் குறையாமல்! இது ஒருபுறம். மறுபுறம், பிடிக்கிற போலீஸ் அதிகாரி லைசென்சைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆர்.டி.ஓ. நம்மை அழைத்து விளக்கம் கேட்டுவிட்டு, முதல் முறையானால் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம்; இரண்டாம் முறையானால் லைசென்சையே ரத்து செய்துவிடலாம். 'வழக்கமான குடிகாரன்' என்று அவர் முடிவு செய்தாலும் 19ஆவது பிரிவின்படி லைசென்சில் கை வைக்கலாம். கோர்ட்டு ஒரு கதவு, ஆர்.டி.ஓ. ஆபீசு இன்னொரு கதவு. ஒரு கதவில் பணம் கட்டிவிட்டால் மறு கதவும் திறந்துவிடும் என்று நினைக்கிறவன் ஏமாறுகிறான்.

சுசீந்திரத்தில் ஒரு டெம்போ ஓட்டுநர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோவாளையில் பூ ஏற்றுவான், வடசேரிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவான். டி.என். 74 என்று எண் எழுதிய அந்த வண்டி அவனுடையதல்ல; அவனுடையது லைசென்ஸ் ஒன்றுதான். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவன் பிடிபடுகிறான். டெம்போ ஓட்டும்போது பிடிபடவில்லை, மோட்டார் சைக்கிளில்தானே என்று அவன் ஆறுதல் கொள்ள முடியுமா? மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, டெம்போவுக்கு ஒன்று என்று இரண்டு லைசென்ஸ் அவனிடம் இல்லை. எந்தெந்த வகை வண்டியை ஓட்டக்கூடாது என்று தீர்மானிப்பது கோர்ட்டின் அதிகாரம். எல்லா வகையும் என்று எழுதிவிட்டால், வழக்கு மோட்டார் சைக்கிளுக்கு, தண்டனை டெம்போவுக்கு! ஆறு மாதம் அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? தடையை மீறி ஓட்டினால் 182ஆவது பிரிவு காத்திருக்கிறது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது இன்னொரு 10,000 ரூபாய், அல்லது இரண்டும். தடைக்காலம் முடிந்தாலும் லைசென்சில் ஏறிய குறிப்பு உடனே அழியாது. மூன்று ஆண்டு வேறு குறிப்பு ஏறாமல் இருந்தால்தான் கறையற்ற லைசென்ஸ் கேட்கலாம்.

கார் வைத்திருக்கிற கனவானுக்கும் இதே சட்டம்தான். அவர் லைசென்சும் ஆறு மாதம் போகும். போனால் என்ன? மறுநாள் காலையில் ஒரு டிரைவரை அமர்த்திக்கொள்வார். ஒருவருக்கு அசௌகரியம், இன்னொருவனுக்கு அடுப்பு அணைந்து போகிறது. சட்டத்தின் எழுத்து சமம், வயிறு சமமில்லையே!

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் பிறகு "நான் குற்றமே செய்யவில்லை" என்று அப்பீல் போக முடியாது. தண்டனையின் அளவு அதிகம், அது சட்டப்படி சரியில்லை என்று மட்டுமே மேல்கோர்ட்டில் பேசலாம். ஊதும் கருவி சரியாக இருந்ததா, கைதானவனை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டினார்களா (அப்படிக் காட்டாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆவது பிரிவு) என்றெல்லாம் கேட்கும் உரிமையை, அரை நிமிடத்தில், ஒரு தலையசைப்பில் கொடுத்துவிட்டு வருகிறான்.

பேரம் எனும் புதுச்சரக்கு

"பேரம் பேசி முடித்துக்கொள்ளலாம், புதுச் சட்டம் வந்திருக்கிறது" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இதில் உண்மை கொஞ்சம், புரட்டு மிச்சம்.

அமெரிக்காவில் இது அன்றாடச் சமாச்சாரம். அரசு வக்கீலும் குற்றவாளியின் வக்கீலும் உட்கார்ந்து பேசி, பெரிய குற்றத்தைச் சிறிய குற்றமாக எழுதிக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். கலிபோர்னியாவில் குடிபோதை வழக்கை 'கண்மூடித்தனமாக ஓட்டியது' என்று குறைத்து எழுதுகிற வழி ஒன்று உண்டு. ஆனால் அங்கேயும் சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். பெயர் குறைந்தாலும், பத்தாண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் அந்தப் பழைய வழக்கு போதை வழக்காகவே எண்ணப்படும்.

நம் நாட்டில் நீதிபதிகள் இந்த வியாபாரத்தை வெகுகாலம் வெறுத்தே வந்தார்கள். 1976இல் கலப்பட எண்ணெய் வழக்கொன்றில் உச்சநீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். கலப்படக்காரன் குற்றத்தை ஒப்புக்கொள்வதும், அதற்குப் பரிசாக லேசான தண்டனை வாங்கிக்கொண்டு வெளியேறுவதும் மக்களுக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் கருத்தின் சாரம். 1980இல் நீதிபதி பகவதியும் அதே வழியில் தீர்ப்பளித்தார். பிறகு வழக்குகள் மலைபோல் குவிந்தன. சட்டமியற்றுவோர் மனம் மாறினர். 2006 ஜூலையில் பேரத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது 289ஆவது பிரிவு முதல் இடம்பெற்றிருக்கிறது.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. புரோக்கர் மறைப்பது இதைத்தான். பேரத்துக்கு மனுப்போடுகிறவன், "இதே குற்றத்துக்காக இதற்குமுன் நான் தண்டிக்கப்பட்டதில்லை" என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆகவே, இரண்டாம் முறை போதையில் பிடிபட்டவனுக்கு இந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. மறைத்து எழுதிக்கொடுத்தால் மனு தள்ளுபடியாகும்; வழக்கு பழையபடி நடக்கும்; பொய்ப் பிரமாணம் என்ற பழியும் கூடவே வரும். "ரெண்டாவது கேசா? பேசி முடிச்சிடலாம், ஐயாயிரம் எடு" என்று எவனாவது கேட்டால், தோழர்களே, அந்த ஐயாயிரம் அவன் வீட்டு அரிசிக்கு!

பிறகு எப்படி இரண்டாம் முறை பிடிபட்டவன் முதல் குற்றவாளியைப்போல் அபராதம் கட்டிவிட்டு நடந்து போகிறான்? அங்கேதான் எழுதாத பேரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதிகத் தண்டனை கேட்பதென்றால், முன்பு எந்தக் கோர்ட்டில், எந்தத் தேதியில் தண்டிக்கப்பட்டான் என்பதைக் குற்றச்சாட்டில் குறிப்பிட்டு நிரூபிக்கவேண்டும். யாரும் அந்தப் பழைய ஏட்டைப் புரட்டாவிட்டால் இரண்டாவதும் முதலாவதாகிவிடும், மூன்றாவதும் முதலாவதாகிவிடும்! ஒருவர் பேசாமல் இருப்பதே பேரம். ஆனால் அந்த மௌனத்தை நம்பி வாழ்கிற காலம் மலையேறி வருகிறது. லைசென்ஸ் விவரங்கள் 'சாரதி' என்னும் கணினிப் பதிவேட்டில் ஏறிவிட்டன. ஓர் ஊரில் ஒப்புக்கொண்டதை மறு ஊரில் மறைப்பது இனி எளிதல்ல.

உயிர் போன வழக்கில்

பேரத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஏழு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்குப் பேரம் கிடையாது. இது ஏதோ வக்கீல் கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடித்தவன் வண்டி ஏற்றி ஒருவனைக் கொன்றால், 'அஜாக்கிரதையால் மரணம்' என்று எழுதினால் புதிய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை; பேரக்கதவு திறந்திருக்கிறது. 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று எழுதினால் பத்து ஆண்டு வரை, பேரக்கதவு மூடிவிடுகிறது. எந்தப் பிரிவை எழுதுவது என்று போலீஸ் நிலையத்தில் பேனா தயங்குகிற அந்தச் சிறு நேரத்தில்தான், செத்தவனுக்கு நீதி கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

2006 நவம்பர் 12 அதிகாலையில் பம்பாய் பாந்திராவில், கார்ட்டர் சாலையில் நடந்ததை நினைவூட்டுகிறோம். சாலை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் நடைபாதையில் படுத்து உறங்கினார்கள். வசதியான வீட்டு இளைஞன் ஒருவன் ஓட்டிய கார் அவர்கள்மீது ஏறியது. 7 பேர் மாண்டார்கள். 8 பேர் காயமுற்றார்கள். ஓட்டியவன் ரத்தத்தில் இருந்த ஆல்கஹால் 112 மில்லி கிராம். சட்ட அளவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கீழ்க்கோர்ட்டு 'அஜாக்கிரதை' என்று முடிவுகட்டி ஆறு மாதமும் ஐந்து லட்சம் அபராதமும் விதித்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! உயர்நீதிமன்றம் அதை மாற்றிப் பெரிய பிரிவில் தண்டித்து மூன்று ஆண்டாக்கியது. 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, இந்தத் தண்டனையே மிகக் குறைவு என்றும் சொன்னது. பேரம் பேசாமலே இந்த நிலை! பேரமும் பேசியிருந்தால்?

நமக்கு இதில் இரட்டை நாக்கு கிடையாது. கூலிக்காரனைக் கொன்ற சீமான் வீட்டுப் பிள்ளைக்குக் கடுந்தண்டனை கேட்கிற நாம், கூலிக்காரனைக் கொன்ற நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதையே கேட்கவேண்டும். கேட்போம்.

விற்றவன் யார்?

அது சரி, குடித்தவனை நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். ஊற்றிக் கொடுத்தவனை நிறுத்தி யாராவது கேட்டார்களா?

ஜப்பானில் 2006இல் ஃபுகுவோகா நகரில் குடித்தவன் ஓட்டிய கார் மோதி மூன்று குழந்தைகள் மாண்டபின், 2007இல் சட்டத்தை இறுக்கினார்கள். ஓட்டுவான் என்று தெரிந்தே மது கொடுத்தவனுக்கும் தண்டனை, வண்டி கொடுத்தவனுக்கும் தண்டனை, தெரிந்தே அதில் ஏறிப் போனவனுக்கும் தண்டனை. நம் சட்டத்திலும் 188ஆவது பிரிவு உண்டு. இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவனுக்கும் அதே தண்டனை என்கிறது. பின்னால் உட்கார்ந்து வந்தவன்மீது அதைப் பாய்ச்சலாம். ஆனால் தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மதுக்கடை நடத்துகிறவர் யார்? சர்க்கார்! 2023-24இல் மட்டும் மதுவினால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைவாசலில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. உள்ளே போகிறவன் நடந்தா வீடு போவான்? ஒரு கையால் புட்டியை நீட்டி, மறு கையால் ஊதும் கருவியை நீட்டுகிற இந்த வேடிக்கையை ஜப்பான்காரன் பார்த்தால் என்ன சொல்லுவானோ!

2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான், நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் இங்கே ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. பின்னர் சிற்றூர்களுக்கு 220 மீட்டர் என்றும், நகர எல்லைக்குள் பொருந்தாது என்றும் தளர்த்தினார்கள். கடைகள் நகர்ந்தன, குடி நகரவில்லை. அதைப்பற்றிப் பேசினால் இன்னொரு கட்டுரை ஆகும், விடுகிறோம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற சாலை சுசீந்திரத்தைத் தொட்டு, பழையாற்றைக் கடந்து போகிறது. இந்த ஊர்க் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமை வேண்டுமென்று 1926இலும் 1930இலும் மறியல் செய்தார்கள், டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்நின்றார்கள். அடிபட்டு வாங்கிய நடக்கும் உரிமை அது. இன்று அந்த ஊர்ச் சாலையோரம் நடந்து போகிறவன், எதிரே தள்ளாடி வருகிற விளக்கைக் கண்டு வயலோரம் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தால், ஓட்டி வருகிறவன் நம் கொடி கட்டிய வண்டியில் வந்தாலும் நாம்தான் முதலில் தடுத்து நிறுத்தவேண்டும்.

ஆகவே கிளைத் தோழர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறோம். மாநாட்டுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வேன் அமர்த்தும்போது ஓட்டுநர் வாயருகே ஒருவர் நின்று நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். வாடை வந்தால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். கோபிப்பார். கோபிக்கட்டும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அதே முறைதான். மீறிப் பிடிபட்ட தோழன் உண்மையிலேயே குடித்திருந்தால், ஒப்புக்கொள்வதே நேர்மை. அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் ஒப்புக்கொள்ளுமுன், லைசென்ஸ் எத்தனை மாதம் போகும், எந்த வகை வண்டிக்குப் போகும், அடுத்த முறை என்ன ஆகும் என்பதை அவன் தெரிந்துகொண்டு சொல்லட்டும். பிழைப்பே வண்டிதான் என்பதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லி, தடையைச் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவோடு நிறுத்தும்படி வக்கீல் மூலம் கேட்கட்டும். ஆர்.டி.ஓ. நோட்டீசு வந்தால் கிழித்தெறியாமல், குறித்த நாளில் நேரில் போய்ப் பதில் சொல்லட்டும். குடிக்காமலே மாட்டிக்கொண்டவனோ, அவசரப்பட்டுத் தலையசைக்க வேண்டாம்.

கோர்ட்டு வாசலில், "185இல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் உங்கள் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் பறிக்கப்படும்" என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கும்படி வக்கீல் சங்கத்தையும் அதிகாரிகளையும் கேட்டு மனுக் கொடுங்கள். பலகைக்கு ஆகிற செலவு ஒரு புரோக்கரின் ஒரு நாள் வரும்படிகூட இராது. வக்கீல் வைக்க வசதியற்றவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தருகிறது. அதற்குத் தொலைபேசி எண் 15100. கிளைக் கழகங்களின் அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை இந்த வாரமே எழுதி வையுங்கள்.